கசிவு

டர்பைன் காம்பராவுக்குள் போகும்போது
செருப்பைக் கழற்றிவிடுவேன்.
பக்தியெல்லாம் இல்லை.
தரை நடுங்குவதைக்
குதிகால்தான் முதலில் சொல்லும்.

மாசியில் சொன்னது:
பேரிங் போச்சு.
மேல்மலையில் சவுக்கு வெட்டிய பிறகு
ஆறு பாதி மணலாகத்தான் இறங்குகிறது.
மணல் நோசிலைத் தின்றது,
சக்கரத்து அகப்பைகளைத் தின்றது,
கடைசியில் அச்சைத் தாங்கிய பித்தளைப் புஷ்ஷையும்.

கொழும்புக்கு எழுதினோம்.
டாலர் இல்லை என்று பதில் வந்தது,
அதுவும் நாலு மாதம் கழித்து.
அதுவரைக்கும் வால்வைப் பாதி மூடி ஓட்டினேன்.
அரைநாள் வேலைக்கு அரைப்பேர்.
அதுக்கும் அதே சட்டம்.

அந்த நாட்களில்தான்
பேராதனையிலிருந்து இரண்டு பிள்ளைகள் வந்தார்கள்,
மண்ணுக்குக் கீழே சூடு இருக்கிறதா என்று பார்க்க.
ஆற்றோரம் துளைபோட்டு
நீளக் கம்பியில் வெப்பமானியைக் கட்டி இறக்கினார்கள்.
பத்தொன்பது பாகை.
"சில நாட்டில பூமிக்குள்ள இருந்து வர்ற ஆவியே கரண்ட் ஆகும், அண்ணே"
என்றாள் துஷ்யந்தி,
பாறையைப் பார்த்துக்கொண்டே.
உள்ளே கூட்டிப்போய்
பேரிங் மூடியில் அதை வைக்கச் சொன்னேன்.
எழுபத்தொன்று.
குறித்துக்கொண்டாள்,
எந்தக் கட்டத்தில் என்று தெரியாது.

ஸ்டோரில் ஓடாமல் கிடந்த மூன்றாம் ரோலரின்
பித்தளைச் சட்டங்களைக் கேட்டேன்.
டீமேக்கர் முடியாது என்றார்.
மறுநாள்
சாவியை மேசையில் மறந்துவிட்டுப் போனார்.
ஹட்டனில் விமலசேன உருக்கினான், வார்த்தான், கடைந்தான்.
தேயிலை மணக்குது என்று சிங்களத்தில் சிரித்தான்.
கூலியில் ஒரு சதம் குறைக்கவில்லை.

புஷ்ஷை இறக்கிய இரவு
டோர்ச் பிடித்தவள் அமிர்தவள்ளி,
பிள்ளைக் காம்பரா பார்ப்பவள்.
தோட்டத்தில் பேட்டரி உயிரோடிருந்த டோர்ச்
அவளிடம்தான் இருந்தது.

வால்வைத் திறந்தேன்.
குதிகால் ஒன்றும் சொல்லவில்லை.
அதைவிட நல்ல சேதி எனக்குக் கிடையாது.

ஸ்டோரில் விசிறிகள் எழுந்தன.
நாடே இருட்டில் கிடந்த நேரம்
வாட்டுகிற மாடியில் மட்டும் வெளிச்சம்,
கொழுந்துக்கு.
கீழே லயம்
இருமிக்கொண்டிருந்தது.

அவள் டோர்ச்சை அணைத்தாள்.
ஒன்றும் கேட்கவில்லை.
கேட்டிருந்தால் முடியாது என்றிருப்பேன்.
துரை கையெழுத்துப் போட்ட பட்டியல்
சுவரில் ஒட்டியிருக்கிறது,
எதற்கு எவ்வளவு கரண்ட் என்று.

கான் ஓரமாக நூற்றிருபது யார் வயர்.
இரண்டு பல்ப்.
சாதாரண தரம் எழுதப்போகும் பதினொரு பேர்
தொட்டில் சேலைகளை ஒதுக்கிக் கட்டிவிட்டு
உட்காருகிறார்கள்.
ஒருத்தன் தூங்குகிறான், பரவாயில்லை.

லொக் புத்தகத்தில்
உற்பத்திக்கும் பாவனைக்கும் நடுவே
ஒரு ஒடுக்கமான கட்டம் உண்டு.
தினமும் எழுதுகிறேன்:
கசிவு, பதினெட்டு வாட்.

"எங்க கசியுது? அடைக்க ஏலாதா?"
கணக்கப்பிள்ளை போன கிழமை கேட்டார்.

தேடிக்கிட்டுத்தான் இருக்கேங்க, ஐயா.