கடுக்காய் மை

இசிப்பிங்கோவில் என் மேசை இழுப்பறையில்
பதினான்கு பேனாக்கள்.
எதுவும் முழுதாய் என்னுடையதல்ல.
ஒன்றின் மூடியில் ஜே. மூன்சாமி என்று பொறித்திருக்கிறது.
இன்னொன்றில், 1961, அன்புடன், உன் எம்.
பைன்டவுன் ஞாயிற்றுச் சந்தையில்
துருவேறிய கரண்டிகளோடு ஒரே தட்டில் கிடந்தது அது,
நாற்பது ரேண்ட்.
எம் யாரென்று தெரியாமலே
அந்த அன்பில் வாரம் ஒருமுறை மை ஊற்றுகிறேன்,
மருந்துக்கடை ஊசிக்குழலால், சிந்தாமல்.

மைகள் இருபத்தாறு.
புட்டியில் ஒட்டிய பெயர்களை நம்புவதில்லை.
அட்டையில் ஒரு கோடு இழுத்து
நானே பெயர் வைப்பேன்.
கரும்புக்காடு எரித்த மறுநாள் காலை.
பன்னி சௌவின் அடிரொட்டி.
ஜூலைக் கடல், மத்தி மீன் வரும் வாரம்.
ஒரு பச்சைக்கு மட்டும் பெயர் அகப்படவில்லை.
கோகிலம் எட்டிப் பார்த்தாள்.
"நம்ம தண்ணீர்த் தொட்டி, நீ கழுவாதபோது."
அதுவே நிலைத்துவிட்டது.

மின்வெட்டு இரவொன்றில்
மெழுகுவத்தி அருகே நிப் கழுவிக்கொண்டிருந்தேன்.
மைத்துனன் சத்யசீலன் கேட்டான்,
இவ்வளவையும் வைத்துக்கொண்டு
என்னதான் எழுதுகிறாய்?
மீட்டர் கணக்கு, என்றேன். ரொட்டி, பல்பு.
பிறகு
பேனா ஓடுகிறதா என்று பார்க்க என் கையெழுத்து,
பக்கம் பக்கமாய்,
எந்தக் காசோலைக்கும் இல்லாமல்.

கடுக்காய் மை நானே காய்ச்சியது.
விக்டோரியா தெருச் சந்தையில் கடுக்காய்,
தோட்டக் கடையில் புல்லுக்குப் போடும் அன்னபேதி.
முதல் வரி ஆறிய தேநீர் போல் வெளிறி வந்தது.
கோகிலம் சிரித்தாள்.
காற்றுப் பட்டால் கறுக்கும், பொறு.
எஃகைத் தின்னும் குணம் அதற்கு.
போனால் போகட்டும் என்று
இருப்பதிலேயே மலிவான பேனாவில் நிரப்பி
சமையலறைக்கு ஒதுக்கினேன்.

ஏப்ரலில் ஆறு வீட்டுக்குள் வந்தது.
முழங்கால் அளவு, ஒரே இரவு.
இழுப்பறையை இழுத்தால் வரவில்லை,
ஊதியிருந்தது.
திருப்புளியால் நெம்பித் திறந்தேன்.
கரும்புக்காடு மத்தி மீனுக்குள் போயிருந்தது.
தண்ணீர்த் தொட்டி எல்லாவற்றிலும்.
என் கையெழுத்துகள் அத்தனையும்
நீலக் கூழ்.

சமையலறை நோட்டில் மட்டும்
மார்ச் 3, 48216.
மார்ச் 10, 48279.
ரொட்டி. பல்பு.
நடுவே, எப்போது எழுதினேனோ,
கோகிலத்துக்கு முதுகுவலி மாத்திரை, மறக்காதே.
முழங்கால் வெள்ளத்துக்கே
கடுக்காய் கொடுத்துவிட்டு
கன்னங்கரேலென்று உட்கார்ந்திருந்தது.

"வாங்கினாயா?" என்றாள்.
நினைவில்லை.
அவளும் வாளியை இழுத்துப் போட்டுக்கொண்டு
என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.
ஒவ்வொன்றாய்க் கழற்றினோம்.
எம்மின் பேனாவிலிருந்து
வெகுநேரம் சேறு வந்தது,
அப்புறம் கொஞ்சம் நீலம்.