ஐந்து சென்டிமீட்டர்

ஒப்பந்தத்தில் ஒன்பது.
சோமா நகரத்துக்குத் தெற்கே
பதினாலாம் கிலோமீட்டரில்
நான் துளைத்தெடுத்த தார் உருளை ஐந்து.
இருமுறை அளந்தேன். கருவியைச் சந்தேகித்து
மகனின் பள்ளி ஸ்கேலால் மூன்றாம் முறை.
ஸ்கேலுக்கு மேலதிகாரி கிடையாது;
அதுவும் ஐந்து என்றது.

அதே கம்பெனிக்கு மூன்று கண்டங்களில் சாலைகள்.
அதே சல்லி, அதே கணக்கு,
அதே நாலு சென்டிமீட்டர் யார் வயிற்றிலோ.

கோதன்பர்கில் ரூனார் என்பவர் எழுதிப் போட்டார்.
கடிதம் கிடைத்ததென்று ஏழு நாளுக்குள்
பதில் தரவேண்டுமாம் அங்கே.
ஆறாம் நாளே வந்துவிட்டது.
அவர் நாற்காலி அவருக்கே இருந்தது.
பக்கத்து நாற்காலிகள்தாம்
ஒவ்வொன்றாக வேறு மேசைக்கு நகர்ந்தன.

கொரியாவில், தேகூ நகரத்து சொக்-க்யூவுக்கு
மீட்ட பணத்தில் ஒரு பங்கு பரிசு.
வீட்டுக்கடன் அடைந்தது.
மச்சினன் கல்யாணப் பத்திரிகை மட்டும்
வழி தவறிப் போனது.

எங்களிடமும் சட்டம் இருக்கிறது.
நல்ல தாள், நல்ல அச்சு.
நல்லெண்ணத்தோடு சொன்னால் காப்போம் என்கிறது.
என் எண்ணத்தை எதைக்கொண்டு துளைப்பார்கள்,
அது எத்தனை சென்டிமீட்டர் தேறவேண்டும்,
தேடிப் பார்த்தேன், அது மட்டும் இல்லை.

திங்கட்கிழமை என்னை ஸ்டோருக்கு மாற்றினார்கள்.
கையுறை எண்ணும் வேலை.
இடக்கை நானூற்றுப் பன்னிரண்டு.
வலக்கை நானூற்று ஐந்து.
அதையும் எழுதிவைத்தேன்.

லுசாக்காவில் வக்கீல் ம்வீங்கா
கட்டம் போட்ட தாளொன்றை விரித்தார்.
மேலே நாடுகள். பக்கவாட்டில்
பெயர் மறைப்பு, வேலை, பரிசு, அவதூறு வழக்கு.
சில கட்டங்களில் டிக்.
சிலவற்றில் பென்சிலால் கேள்விக்குறி.
“கம்பெனியின் தலைமையகம் கடல் கடந்து இருக்கிறது.
அந்த நாட்டிலும் புகார் கொடுக்கலாம், முடிந்திதா.
எங்கே சொல்லப் போகிறாய்?”
லாரி கவிழப்போவது இங்கேதானே என்றேன்.
அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்,
வெகுநேரம்.

டிசம்பர் மழையில் கவிழ்ந்தது.
பதினாலில் அல்ல, பதினாறில்.
சோள மூட்டைகள். ஓட்டுநருக்குக் கால்.
அந்தப் பக்கம் நான் துளைக்கவே இல்லையே
என்றுதான் முதலில் தோன்றியது.

ஓர் உருளை புகாரோடு போனது.
இன்னொன்று வீட்டில்.
பகலில், காற்றுக்குக் கதவு சாத்தாதபடி
அண்டைக்கொடுத்து வைக்கிறேன்.
இரவில் அதையே
உள்பக்கமாக நகர்த்தி,
யாரும் தள்ளித் திறக்காதபடி.

எடை போதாது. தெரியும்.