பாத்துக்கிடலாம்

சொஹாரில் வணிக வழக்குகளுக்கென்றே
தனி நீதிமன்றம் திறந்து மூன்று மாதம்.
சுவரில் இன்னும் பெயின்ட் வாசம்.
முன்பெல்லாம் ஜீவனாம்சம் கேட்டு வந்தவளுக்கும்
ஆட்டைக் களவு கொடுத்தவனுக்கும் பின்னால்
கான்ட்ராக்டர்கள் ஃபைலால் விசிறிக்கொண்டு நிற்பார்கள்.
இப்போது காகிதமே இல்லை. ஆளுக்கு இருபது நிமிடம்.
நீதிபதிக்குக் கப்பல் கூலி தெரியும்,
ஆறு மீட்டர் பைப் வளைந்து திரும்பினால்
எவ்வளவு கழிப்பார்கள் என்பதும் தெரியும்.
தமிழ் தெரியாது.
அதற்கு நான்.

சாரம் கட்டும் பைப் நாலாயிரத்து இருநூறு, கிளாம்ப் தனி.
கொடுத்தவர் அசனார் லெப்பை.
வாங்கியவர் சுயம்புத்துரை.
பாக்கி பதினான்காயிரத்து அறுநூறு ரியால்.
ஒப்பந்தம் எங்கே?
"அவருகிட்டயா எழுதிக் கேப்பேன்?" என்றார் லெப்பை,
கேட்கக்கூடாததை நான் கேட்டுவிட்டதுபோல.
எழுத்துமூலம் எதுவுமில்லை என்று பதிவானது.

இருந்தது ஒரு வாய்ஸ் மெசேஜ்.
பதினோரு நொடி, பின்னால் கிரேன் இரைச்சல்.
"ரூவா எங்க போயிரப் போவுது?
பாத்துக்கிடலாம்வே."

கடனை ஒப்புக்கொள்கிறாரா, மறுக்கிறாரா,
தவணை கேட்கிறாரா?
நீதிபதி என்னைப் பார்த்தார்.

நான் தூத்துக்குடிக்காரி.
பாத்துக்கிடலாம் என்றுதான் அக்காவுக்குச் சம்பந்தம் பேசினார்கள்,
பாத்துக்கிடலாம் என்றுதான் முறித்தார்கள்.
ஹார்பர் வாசலில் ஒருவன்
சட்டைக் கையை மடித்துக்கொண்டே அதைச் சொன்னான்.
மறுநாள் ஏழு தையல்.
ஆஸ்பத்திரி பில்லோடு அம்மா நின்றபோது
முன்பின் தெரியாத ஒருவர் சொன்னதும்
அதே சொல்தான்.

மூன்று பொருளும் உண்டு என்றேன்.
ஒன்றைச் சொல்லுங்கள் என்றார்.

அந்த 'வே'யைப் பற்றி அவர் கேட்கவில்லை.
பதினாறு வருடம் ஒரே போர்ட்டாகேபினில்
சோறு பொங்கித் தின்ற எழுத்து அது.
அரபியில் அதை எங்கே வைப்பதென்று
தேடிக்கொண்டிருந்தேன்.

சுயம்புத்துரை எழுந்தார்.
என்னையும் பார்க்கவில்லை, நீதிபதியையும் பார்க்கவில்லை.
"அன்னிக்கு நான் சொன்னது தாரேன்னுதான்வே.
இப்பக் கையில இல்ல."

மொழிபெயர்க்க எளிது.
பதினெட்டாவது நிமிடம் தீர்ப்பு.

கார் நிறுத்துமிடத்தில் வெக்கை,
கடல் பக்கமிருந்து மத்திக் கருவாட்டு வாடை.
ஜெயித்தவர் செல்போனை நீட்டினார்.
அமலாக்கம் கோருகிறீர்களா? ஆம். இல்லை.
ஆம் என்றால் மறுநிமிடமே பயணத்தடை.

"அவரு மவளுக்குத் தையில கல்யாணம்," என்றார்.
"இல்லன்னு அமுக்குனா?"
ரூபாயைக் கைவிட்டதாக ஆகும், காக்கா.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு
திரையைக் கீழே தள்ளிப் பார்த்தார், மேலே தள்ளிப் பார்த்தார்.

"மூணாவதா ஒண்ணு
இதுல வைக்கலியாம்மா?"