பழுதான தாள்

மாவடிவேம்புச் சந்தியில் ஏழு இருபது பஸ்.
வந்தாறுமூலையில் இறங்கிக்
காவல் பெட்டியில் பெயர் எழுத வேண்டும்.
வந்த காரணம் என்ற இடத்தில் முதல் நாள்
'தொழிற்பயிற்சி, கூட்டுறவுக் கடை' என்று
முழுதாக எழுதினேன்.
நாலாம் நாள் 'கடை'.
பிறகு காவலாளியே எழுதிக்கொண்டார்.

தரம் பன்னிரண்டு, தொழில் பிரிவு.
கணக்கில் கெட்டிக்காரிகள் வர்த்தகத்துக்குப் போக
மிச்சம் வந்த பதினொரு பேரில் நான் ஒருத்தி.
ஆறு கிழமை. தினமும் ஒரு பக்கம் நிரப்பப்
பாடசாலை தந்த பதிவுக் கொப்பி:
இன்று செய்த வேலை,
இன்று கற்றது,
மேற்பார்வையாளர் ஒப்பம்.

செய்த வேலை: விலை ஒட்டினேன்.
சவர்க்காரத்தின் முதுகில் ஏற்கெனவே மூன்று விலை.
நாலாவதை ஒட்டியபோது
கட்டி கொஞ்சம் தடித்திருந்தது.
கற்றது என்ற இடத்தில் என்ன எழுதுவது?
முகாமையாளர் புவிராஜா வாசிக்காமல் ஒப்பமிடுகிறவர்.
ஒருநாள் வெறும் பக்கத்தை நீட்டிப் பார்த்தேன்.
ஒப்பமிட்டார். திகதியும் போட்டார்.

பத்தரைக்கு விரிவுரை விடும்.
பணிஸ், ரீலோட், ஏ-ஃபோர் தாள், தலையிடிக் குளிசை,
அறுந்த செருப்புக்கு வார் இருக்கா என்றும் கேட்பார்கள்.
புதுமுகங்கள் தனியே வருவதில்லை.
நீளக்கைச் சட்டை, இறப்பர் செருப்பு,
நெஞ்சோடு அணைத்த பைல், நிலத்தில் கண்.
காண்கிற எல்லாரையும்
அண்ணா, அக்கா என்று கூப்பிட வேண்டுமென
யாரோ பயப்படுத்தி வைத்திருக்கிறார்கள்.

'அக்கா, ஒரு பணிஸ்.'

திரும்பிப் பார்த்தேன்.
எனக்குப் பின்னால் பிஸ்கட் பெட்டிகள்தான் இருந்தன.

இருபது வயதுக்காரன். மீசை இருந்தது.
எனக்குப் பதினேழு. திருத்தவில்லை.
'சீனி போட்டதா, சும்மாவா?' என்று
அக்கா மாதிரியே கேட்டேன்.
அந்தக் கிழமை முழுக்க
என் நடையே மாறிப்போனது என்றாள் சிஹானா.
அவள் ஏறாவூர். காசுப் பெட்டி அவள் பொறுப்பு.

உதவித்தொகைக்கு விண்ணப்பம் முடிகிற நாள்
வாசல் தாண்டி வரிசை. கொப்பி மெசின் என் கையில்.
அவனுடைய தாள்களும் வந்தன:
அடையாள அட்டை, வங்கிப் புத்தகம்,
கிராம சேவகரின் கடிதம்.
மூடியைச் சாத்தினால் வெளிச்சம் நடந்துபோகும்.
வெளியே வரும் தாள் பணிஸைவிடச் சூடு.
வாசிக்கக் கூடாது.
வாசித்தேன்.
பொகவந்தலாவை. தாய் கொழுந்து பறிப்பவர்.
குடும்ப வருமானம் என்ற இடத்தில் இருந்த எண்ணை
யாருக்கும் சொல்லவில்லை,
இங்கேயும் எழுதப் போவதில்லை.
எல்லாவற்றிலும் மூன்று பிரதி கேட்டான்.
இரண்டுக்குக் காசு வாங்கினேன்.
எண்ணிப் பார்க்காமல்
நன்றி அக்கா என்று போனான்.

மெசின் எண்ணும் என்று எனக்குத் தெரியாது.
அதன் வயிற்றுக்குள் ஓர் எண் ஏறிக்கொண்டே இருக்கிறது;
அது யாருடைய கடிதத்தையும் வாசிப்பதில்லை.
பின்னேரம் சிஹானா திரையைப் பார்த்தாள்,
காசைப் பார்த்தாள், பிறகு என்னை.
'மூணு தாள் கூடப் போயிருக்கு, புள்ள.'

பஸ் காசை எடுத்து மேசையில் வைத்தேன்.
அவள் அதைத் தொடவில்லை.
பேரேட்டின் ஓரத்தில் ஒரு கட்டத்தைக் காட்டினாள்,
இத்தனை நாளும் என் கண்ணில் படாத கட்டம்:
பழுதான தாள்.
அதில் ஒரு 3 போட்டாள்.
'நாளைக்கும் பழுதானா
மெசினத் திருத்த ஆள் வரும், பாத்துக்க.'

அன்றைக்குக் கற்றது என்ற இடம் நிறைந்தது.
புவிராஜா ஒப்பமிட்டார்.

கடைசிப் புதன், ஆசிரியை பார்வையிட வருவார் என்று
வெள்ளைச் சீருடை, கழுத்துப்பட்டி, இரட்டைப் பின்னல்.
ஆசிரியை வரவில்லை. பத்தரை வந்தது.
அவன் பின்னலைப் பார்த்தான்,
கழுத்துப்பட்டியைப் பார்த்தான்.
வாய் திறந்தபடி நின்றான், சொல் வரவில்லை.
இதற்கு என்ன கூப்பிடுவதென்று
அவனை யாரும் பயப்படுத்தி வைத்திருக்கவில்லை.

'அக்கா,' என்றான் கடைசியில், 'ஒரு பணிஸ்.'

வரிசை சிரித்தது.
அவனும் சிரித்தான், நிலத்தைப் பார்க்காமல்.
'பணிஸ் முடிஞ்சி,' என்றாள் சிஹானா.
'அடுத்த ஆள்.'