விடுவதற்கும் பலம் வேண்டும்

எட்டாவது தூக்கலில் சத்தம் கேட்டது.
காய்ந்த கொடிக்கயிறு அறுந்த மாதிரி
என்றார்கள் முன்வரிசையில்.
எனக்கு உள்ளிருந்து கேட்டதால்
யாரோ கதவைச் சாத்திய மாதிரி.
நூறு கிலோ கருங்கல் நெஞ்சைவிட்டு நழுவி
மெத்தையில் சாதுவாக விழுந்தது.
அஸ்பெய்த்தியா சதுக்கத்தில் தூறல்.
நடுவர் இன்னும் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.
என் வலது மேற்கைத் தசை
எலியாய்ச் சுருண்டு தோளுக்கு ஓடியிருந்தது.

நான் எனெரிட்ஸ், கசாப்புக்கடைக்காரி.
வாரம் நான்கு கன்றுகளைப் பிரிப்பவள்.
சிவப்பு எங்கே வெளுத்து நாணாகிறது,
நாண் எங்கே எலும்புக்குள் வேர்விடுகிறது,
என் கத்திக்கு மனப்பாடம்.
எலும்பையும் எலும்பையும் கட்டிப்போட்ட
இணைநார்களுக்கு மட்டும்
கத்தியை இன்னொரு முறை தீட்டுவேன்.
அவை யாரையும் இழுப்பதில்லை,
யாரையும் போகவும் விடுவதில்லை.
என் அக்கா நெகானே அந்த ஜாதி.

ஆனாலும் படத்தைக் காட்டியபோது
ஒன்றும் தெரியாதவளாய்க் கேட்டேன்:
தசை கிழிந்துவிட்டதா?
"தசைக்கு ஒன்றுமில்லை. அதற்கு
இழுக்கத்தான் தெரியும், தள்ளத் தெரியாது.
இழுத்தது. நாண் எலும்பைவிட்டுப் பிடுங்கிக்கொண்டது."
ஆரை எலும்பில் துளையிட்டு,
நாணை நூலில் கோத்து,
சட்டைப் பொத்தானிலும் சிறிய உலோகப் பொத்தானால்
மாட்டிவிட்டார்கள் என்னை எனக்கே.
"அங்கே ரத்தம் அவ்வளவாக வராது.
மாதக்கணக்கில் ஆகும்."

மாதக்கணக்கில் ஆனது.
முழங்கை மடங்கியது, ஆச்சரியம்!
அடியில் இன்னொரு தசை
இத்தனை வருடம் பேர்கூடச் சொல்லாமல்
கல் தூக்கியிருக்கிறது என்னோடு.
திருப்புவதுதான் முடியவில்லை.
கடைச் சாவியை இடது கையால் திருப்பினேன்.
இடது கையால் வெட்டிய துண்டுகளைப் பார்த்து
அர்ரேகி வீட்டம்மா இரண்டு நாள் பேசவில்லை.

ஒரு மாலை குளிரறையில்
புதிதாக வந்த கன்றின் தொடையைத் தொட்டேன்.
கல்.
செத்த உடம்பு பலத்தால் விறைப்பதில்லை.
பற்றிய பிடியை விடுவதற்கு
ஒவ்வோர் இழைக்கும் எரிபொருள் வேண்டும்;
அது தீர்ந்துவிட்டது, அவ்வளவுதான்.
பற்றிய இடத்தில் பற்றியபடி நிற்கின்றன.
பிறகு நாள்போக்கில் சிதைந்து தளரும்.
நல்ல மெதுவான இறைச்சி என்று
ஊர் புகழ்வது அதைத்தான்.

பயிற்சியாளர் யோசுனே
சின்னச் சுத்தியலைக் கையில் கொடுத்தாள்.
வலப்பக்கம் சாய். மெல்ல. திருப்பு. இன்னும்.
திருப்பினேன், நாக்கைக் கடித்துக்கொண்டு.
"சரி, இப்போது விடு."
விரல்கள் கேட்கவில்லை.
"எனெரிட்ஸ், விடு."

கடையின் பின்கட்டில் என் கல் நனைகிறது.
யாரோ சைக்கிளை அதன்மேல் சாய்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.
மூன்று நாளாகிறது.
எடுக்கச் சொல்லவில்லை.