முகம் திருப்பிக் குடித்தல்

இன்செயின் சாலையில், மேம்பாலத்துக்கு இந்தப்புறம்,
யூன் அம்மாவின் கடை.
அடுப்புக்கு இந்தப் பக்கம் நான்,
அந்தப் பக்கம் பச்சைப் புட்டிகள்.

ஆறு வருஷத்தில் படித்தது இது:
வெறும் வயிற்றில் இறக்க அவர்களுக்கு மனசு வராது.
குடிக்குத் துணை போகிற தட்டுக்கென்றே
தனியாக ஒரு பேர், அன்ஜு.
சோஜுவுக்குப் பன்றியின் வயிற்றுத் துண்டம்,
பூண்டுப் பல்லோடு சுட்டு இலையில் மடிக்க.
பீருக்குப் பொரித்த கோழி.
காய்ந்த கணவாயைப் பிய்த்துக்கொண்டே
ஒரு மேசை விடியும்வரை கணக்குப் பேசும்.
மழை வந்துவிட்டால்
கலங்கிய அரிசிக் கள்ளும் வெங்காயத்தாள் அடையும்.
எண்ணெயில் மாவு விழுகிற சத்தமும்
கூரையில் மழை விழுகிற சத்தமும் ஒன்றாம்.
ரங்கூனில் ஐந்து மாசம் மழை.
என் இடுப்பைக் கேட்க வேண்டும்.

தன் கோப்பையைத் தானே நிரப்பக் கூடாது.
ஊற்றும்போது இரண்டு கை வேண்டும்.
அது எனக்குப் புதிதில்லை,
இங்கே பஸ்ஸில் சில்லறை தருகிற பையன்கூட
வலது முழங்கையை இடக்கையால் தாங்கித்தான் நீட்டுவான்.
மூத்தவர் முன்னால் குடிக்கிற இளையவன்
முகத்தை அப்பால் திருப்பிக்கொள்ள வேண்டும்.
இதற்குத்தான் சிரித்தேன்.
எங்கள் தெருவில் முகம் திருப்புவது
குடிக்காதவர்கள்.

அந்த ஆடியில் தீமிதிக்குக் காப்புக் கட்டியிருந்தேன்.
பன்றி கையில் உண்டு, வாயில் இல்லை.
உப்பை மூக்கால் அளந்தேன்.
மணிக்கட்டு மஞ்சளைப் பார்த்த யூன் அம்மா
ஒன்றும் கேட்காமல்
ஒரு ஜோடி ரப்பர் கையுறை வாங்கி வைத்தாள்.

மேனேஜர் பே எப்போதும் பன்னிரண்டு பேரோடு வருவார்.
லைங்தாயாவில் பனிக்கோட்டு ஆலை,
பனியே பார்க்காத எண்ணூறு பெண்கள்.
இங்கே முதல் சுற்று, பீர்க் கடையில் இரண்டாவது,
பாட்டுக் கடையில் மூன்றாவது,
மறுநாள் காலை ரத்தக்கட்டிக் கஞ்சிக்கு மறுபடி இங்கே.

அன்று தனியாக வந்தார்.
கரண்ட் இல்லை. ஜெனரேட்டர் இருமிக்கொண்டிருந்தது.
நாலு பேர் மேசையில் உட்கார்ந்து
தானே ஊற்றிக்கொண்டார்.
தானே ஊற்றினால் எதிரில் இருப்பவனுக்கு ஆகாது என்பார்கள்.
எதிரில் நாற்காலிதான் இருந்தது.

ஒரு காகிதத்தை விரித்தார்.
பர்மிய வாக்கியம், கொரிய எழுத்தில்.
காலையில் ஒலிபெருக்கியில் படிக்கவேண்டியது.
உச்சரிப்பு சரியா என்று கேட்டார்.
நாளையிலிருந்து வர வேண்டாம்.
லா என்று நீட்டினால் வருவது,
ல என்று வெட்டினால் நிலா.
அவர் வாயில்
எண்ணூறு பேருக்கும் நிலா வேண்டாம் என்றிருந்தது.
நீட்டிச் சொல்லுங்கள் என்றேன்.
ஐந்து முறை சொல்லிப் பார்த்தார்.
மூன்றாம் வரிசையில் காஜா தைக்கிறவள்
என் மச்சினி செண்பகவல்லி என்று
நான் சொல்லவில்லை.

கோப்பை காய்ந்திருந்தது.
கையுறையைக் கழற்றி, இரண்டு கையால் ஊற்றினேன்.
குடித்துவிட்டு அதே கோப்பையை நிரப்பி நீட்டினார்.
மறுத்தால் என்ன அர்த்தம் என்பது
ஆறு வருஷத்தில் எனக்குத் தெரியும்.
மணிக்கட்டில் கயிறு.
அவர் மூத்தவர், நான் இளையவன்.
முகத்தை அப்பால் திருப்பினேன்.
அப்பால் இருந்தது அடைமாவுச் சட்டி.

ஆத்தா பார்த்தாளா தெரியாது.
காலிக் கோப்பையைத் திருப்பிக் கொடுத்தபோது
அவர் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த மாவில் மூன்று அடை சுட்டேன்.
ஓரம் சருகாய் முறிந்தது.
இன்றைக்குத்தான் சரியாய் வந்திருக்கிறது என்றார்.
பாதியைப் பிய்த்து என் பக்கம் தள்ளினார்.
விரதம் என்றேன், கயிற்றைக் காட்டி.
கயிற்றைப் பார்த்தார், கோப்பையைப் பார்த்தார்,
சட்டியையும் பார்த்தார்.
சிரித்த மாதிரி இருந்தது. புட்டியை மூடினார்.

அடுத்த வாரம் தீயில் இறங்கினேன்.
இடது காலில் ஒரு கொப்புளம்.
செண்பகவல்லி மஞ்சள் அரைத்துப் போட்டபடி சொன்னாள்:
'எல்லாம் குழறினான்,
வரவேண்டாம் என்கிறதை மட்டும்
நம்ம ஊர்க்காரன் மாதிரியே சொன்னான்.'

இப்போதும் மழைக்கு மழை
அடைமாவில் ஒரு மூடி சோஜு விடுகிறேன்.
யூன் அம்மாவுக்குத் தெரியாது.