தண்டல் கணக்கு

முப்பத்து மூணு நாளா என்று கேட்டாள் இருசாயி,
தாழங்குடாவிலிருந்து பஸ் மாறி
கோரிமேட்டுக்கு வந்தவள்.
"ஒரே நாள்ல மொத்தத்தையும் வச்சு வுட்டுடேன்.
மீன் கூடை சும்மா கெடக்குது."

அறுபத்தாறு கிரே. முப்பத்து மூன்றால் வகுத்தால் இரண்டு.
எழுதிக் காட்டினேன். காகிதத்தை அவள் பார்க்கவில்லை.
ஒரே மூச்சில் தந்தால் தாடையே கருகும்,
இரண்டிரண்டாய்த் தந்தால்
அறுந்த இழையை ராத்திரியே முடிந்துகொள்ளும்
நல்ல செல், என்றேன்.

"தண்டலு" என்றாள் பட்டென்று.
"நாளுக்கு நூறுன்னா குடும்பம் நிக்கும்.
மொத்தமாக் கேட்டா
கதவக் கழட்டித்தான் குடுக்கணும்."

மாசி மகத்துக்கு நாலு நாள் வரவில்லை.
கத்தினேன்.
தவணை தவறினால்
மூச்சு வாங்கிக்கொள்வது நல்ல செல் மட்டுமில்லை,
புற்றும்தான்.
"சாமியே கடலுக்கு வந்துச்சு" என்றாள்,
வாய்ப்புண்ணைத் தாண்டி.

கோபால்ட்டுக்கும் வயதாகிறது.
வந்த புதிதில் ஒரு நிமிடத்தில் கொடுத்ததை
இப்போது கொடுக்க இரண்டேகால்.
முகமூடிக்குள் அவள் எண்ணுகிறாள்
நூற்று முப்பத்தைந்து வரை.
கனத்த கதவுக்கு இந்தப் பக்கம் நானும்.

என் மார்பில் குத்தியிருக்கும் பட்டை
மூன்று மாதத்துக்கு ஒருமுறை
ஆய்வகம் போய்த் திரும்பும்.
பதினாறு வருடமாய்ப் பொட்டுப் பொட்டாய்
என்னிடமும் வசூல்.
சீட்டில் எப்போதும் ஒரே சொல்: வரம்புக்குள்.

அதைப் படித்துக் காட்டினேன் கடைசி நாளில்.
"உன் தண்டக்காரன் நல்லவன்" என்றாள்,
பஸ்ஸுக்குச் சில்லறை எண்ணிக்கொண்டே.